வான்ஹோப் சீட்டு

அகராதி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பாதிரியார் ஆம்ப்ரோஸ் தோர்பி நின்றபடியே பிரித்தார். படித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

யார்க்‌ஷயரின் குக்கிராமம் ஒன்றில் இருந்துகொண்டு, பழைய புத்தகங்களில் வரும் அரிய சொற்களைச் சீட்டில் எழுதிப் பதினெட்டு வருடமாக அகராதிக்கு அனுப்புகிறவர். அதில் பேர் சொல்ல அகப்பட்டது ஒன்றே ஒன்று: ‘வான்ஹோப்’ என்ற பழைய ஆங்கிலச் சொல். நம்பிக்கை வற்றிப்போன நிலை என்று பொருள். பழைய பிரசங்கங்களில் அது வெறும் துக்கமல்ல, பாவம். கடவுள்கூடத் தன்னை மன்னிக்கமாட்டார் என்று மனிதன் தானே தீர்ப்பெழுதிக்கொள்வது.

அவர் அனுப்பிய பிரசங்க வரி அருமையாம். ஆனால் அந்தப் புத்தகத்தின் வேறு பிரதி எங்குமே இல்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் அச்சான ஆண்டைச் சொல்லாவிட்டால் வரியை நீக்கிவிடுவார்களாம். சீட்டையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

புத்தகம் இருந்தால்தானே பார்ப்பதற்கு? போன வருடம், கையால் எழுதச் சோம்பல்பட்டு, அந்தப் புத்தகத்திலிருந்தே வரியைக் கத்தரித்துச் சீட்டில் ஒட்டிய மகானுபாவர் அவர்தான். சீட்டு அனுப்புகிற எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் மலிவாகக் கிடைக்கிற புத்தகத்தில் செய்வார்கள். மிச்சத் தாள்களை மனைவி டாபிதா வட்டமாக வெட்டி ஜாம் ஜாடிகளுக்கு மூடி கட்டினாள். ஜாம் தீரத்தீரத் தாள் அடுப்புக்குப் போயிற்று.

இருவரும் அலமாரிக்கு ஓடினார்கள். மூன்று ஜாடிகள் மிச்சம். முதல் இரண்டிலும் வெறும் பிரசங்கம். மூன்றாவதில் முகப்புத் தாளேதான். கட்டை அவிழ்த்துப் பிரித்தார். தலைப்பு இருந்தது. அடியில், ஆண்டு இருக்கும் இடத்தில், 15 மட்டும் இருந்தது. அடுத்த இரண்டு எண்களைக் கத்தரி கொண்டுபோயிருந்தது.

டாபிதா அழுதுவிட்டாள். “ஏங்க, அறுபத்தெட்டுன்னு போட்டு அனுப்பிடுங்க. யாரு வந்து பாக்கப்போறா?”

“யாராலயும் பாக்க முடியாது டாபிதா. இருந்த ஒரே சாட்சிய நான்தான் வெட்டிப் போட்டுட்டேன்.”

பேனாவில் மை தொட்டார். பதில் கடிதத்தில் 15 எழுதி, பக்கத்தில் ஆறு என்று போட்டார். வெட்கமாக இருந்தது. அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, ‘ஆண்டு தெரியாது. புத்தகத்தை நானே வெட்டினேன். வரியை நீக்கிவிடுங்கள்’ என்று எழுதித் தபாலில் சேர்த்தார்.

திரும்பி வந்து, கோந்தை எடுத்து, ஜாம் கறை படிந்த மூன்று வட்டங்களையும் ஒரு தாளில் ஒட்டி, கீழே திரும்பி வந்த வான்ஹோப் சீட்டையும் ஒட்டினார். உலகத்தில் அந்தப் புத்தகம் இனி அவ்வளவுதான்.