நீல உடைக்காரி

அந்தக் கலைஞர் எதற்கும் அடுத்தவர் கையை எதிர்பார்க்க மாட்டார். கவிதை, கதை, படம் எல்லாமே அவர் ஒருவர்தான். படத்தில் மழை வேண்டுமென்றால் வாளியோடு கூரைமேல் ஏறி ஊற்றுவார். தண்ணீர் தரையைத் தொடுமுன் இறங்கி வந்து அதில் நனைந்தும் விடுவார்.

அவர் மனைவியை ஒரே ஒரு சந்தேகம் அரித்தது. கவிதையில் நீல உடைக்காரி ஒருத்தி ஜன்னலோரம் நின்றாள். போகட்டும் என்று மனைவி விட்டுவிட்டாள். அந்த நீல உடைக்காரியே கதைக்குள் வந்து காப்பி குடித்தாள். இப்போது படத்திலும் இருக்கிறாளாம். கற்பனை என்றால் கேமரா முன்னால் வந்து நிற்குமா?

"யாருங்க அவ?"

"கதாபாத்திரம்மா."

"கதாபாத்திரத்துக்கு வீடு எந்தப் பக்கம்?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அவள் நேரே எடிட்டிங் அறைக்குள் நுழைந்து படத்தை ஓடவிட்டாள். நீல உடைக்காரி முதுகைக் காட்டியபடி மாடிப்படி இறங்கினாள். கடைசிப் படியில் திரும்பினாள். அரை அங்குலப் பவுடருக்குப் பின்னால், சாட்சாத் அவள் புருஷன்!

துண்டோடு வாசலில் வந்து நின்றவர் நெளிந்தார். "நடிக்க யாரும் கிடைக்கல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை ஓடவிட்டவள், பாதிப் படியில் நிறுத்தினாள். சிரிப்பும் நின்றது.

"இவ்ளோ உயரக் குதிகால் செருப்பப் போட்டுட்டு, கைப்பிடியக்கூடத் தொடாம இறங்குறீங்களே. யாருங்க பழக்கிவிட்டது?"