ஆண் பூ காய்க்காது, ஆனால்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒன்பது நாளாக என் கணவர் மொட்டை மாடிக்கு வரவில்லை. நான் மட்டும் காலையில் வாளியோடு ஏறி, தண்ணீர் ஊற்றி, இறங்கி, கத்த ஆள் கிடைக்காமல் உங்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் பாத்திரத்தை உருட்டுவார்கள்.

முதலில் எழுதிய தொடக்கம்: "கோடை வெயில் மாடியெங்கும் பொன்னாக". அடித்துவிட்டேன். பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. செருப்பில்லாமல் நின்றால் பாதம் வெந்துவிடும்.

இரண்டாவது: "வேலை போன ஒருவர் விதை வாங்கினார்." இது பரவாயில்லை. உண்மையும்கூட.

2

இருபத்திரண்டு வருடம் அவர் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பவராக இருந்தார். பாட்டில் மூடிகள் வரிசையாக ஓடிவரும். நெளிந்தது, கீறல் விழுந்தது, அச்சு கலங்கியது எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போட வேண்டும். இப்போது அதை ஒரு கேமரா செய்கிறது. வேலை போனதும் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தவரை, நான்தான் நச்சரித்து மாடியில் காய்கறி போட வைத்தேன்.

எழுந்தார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான், காய் இல்லை. வெண்டை தளதளவென்று வந்தது. கீரை அறுக்க அறுக்கத் துளிர்த்தது. கத்தரியை மாவுப்பூச்சி தின்றது. தக்காளிப் பூவெல்லாம் வெயிலில் கொட்டியது. மிஞ்சிய நாலு பழத்தையும் அணில் கடித்து, ருசி பிடிக்காத மாதிரி பாதியில் போட்டுவிட்டுப் போனது. அவர் அணிலைக் கன்னாபின்னாவென்று திட்டினார். மாதக்கணக்கில் குரலே எழும்பாமல் இருந்த மனிதர். அந்தத் திட்டைக் கேட்டபோது எனக்கு [இங்கே ஓர் உவமை வர வேண்டும். வரவில்லை. அழுகைதான் வந்தது.]

பிறகு பூசணி பூத்தது.

3

"இவ்வளவு பூக்குது, ஒண்ணும் பிஞ்சு விடலையே," என்றார்.

"அதெல்லாம் ஆண் பூங்க. ஆண் பூ காய்க்காது, ஆனா—"

கைப்பேசி அடித்தது. பத்திரிகை ஆசிரியர். பேசிக்கொண்டே கீழே இறங்கிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது: ஆனா அதோட மகரந்தம் பட்டாத்தான் பெண் பூ காய்க்கும். [பாதியில் நின்ற வாக்கியம் கதைக்கு அழகு என்று என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.]

எழுத்து வேலை என்று பத்து நாள் நான் மாடிக்கே போகவில்லை. பதினோராம் நாள் போனால், அவர் ஒரு தாம்பாளம் நிறைய மஞ்சள் பூக்களோடு நிற்கிறார். கொடியின் அடியில் பெண் பூக்கள் பிஞ்சோடு சுருங்கி உதிர்ந்து கிடக்கின்றன.

"என்னங்க இது?"

"காய்க்காததை எல்லாம் தினமும் கிள்ளிடறேன். சத்து வீணாப் போகுதுல்ல? மொட்டைக்கூட விடல, பாரு." முகத்தில் அப்படி ஒரு பெருமை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் தாம்பாளத்தைப் பார்த்தார்.

"போகுது விடுங்க, அடுத்த கோடையில பாத்துக்கலாம்," என்றேன்.

4

பொய். நான் அப்படிச் சொல்லவில்லை.

அந்தக் கடைசி வரியை நேற்று எழுதிவிட்டு, மகா உத்தமி மாதிரி சோறு வடிக்கப் போனேன். சொன்னது இது:

"எதைப் பொறுக்கிப் போடணும்னுகூட உங்களுக்குத் தெரியல. அதான் உங்களையே பொறுக்கி வெளிய போட்டுட்டாங்க."

அவர் தாம்பாளத்தைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார். இறங்கிப்போய்ப் பழையபடி படுத்துக்கொண்டார். போட்டால் சாப்பிடுகிறார், கேட்டால் தலையாட்டுகிறார், அவ்வளவுதான்.

என் நாக்கில் சூடு வைக்க வேண்டும். ஆனாலும் கோபம் தீரவில்லை. பத்து நாளில் ஒருமுறை, "ஏதோ சொல்ல வந்தியே, என்ன?" என்று கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கமாட்டார். எனக்கு வேலை இருக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்கி ஒதுங்கியே என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்.

5

ஆசிரியரிடம் கதையைச் சொன்னேன்.

"ஆண் பூ, வேலை போன ஆண். பிரமாதமான படிமம் மேடம். கடைசில ஒரு பிஞ்சு மட்டும் விட வச்சிடுங்க. வாசகருக்கு ஆறுதலா இருக்கும்."

படிமமாவது மண்ணாங்கட்டியாவது. பூசணி பூசணிதான். கீழே படுத்திருப்பது என் கணவர்.

இருந்தும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: பிஞ்சு தானாக விடுகிறது. மகரந்தத்துக்கு எங்கே போவது? அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: அவர் தானாகவே படியேறி வந்து, "டீ போட்டிருக்கேன், குடிக்கிறியா?" என்கிறார். நான் ஒரு வார்த்தை சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடுகிறது. எனக்குத் தோதான முடிவு என்பதால் நடை வழுக்கிக்கொண்டு போனது. வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

6

இன்று காலை கொடியில் ஒரு பெண் பூவும் ஓர் ஆண் பூவும் ஒன்றாக விரிந்திருக்கின்றன. வெயில் ஏறினால், பத்து மணிக்குள் கூம்பிவிடும். ஆண் பூவின் இதழை உரித்து, உள்ளே இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே தடவ வேண்டும். அரை நிமிட வேலை, நானே செய்துவிடலாம். செய்தால் எனக்குப் பூசணிக்காய் கிடைக்கும். அவர் படுத்தே கிடப்பார்.

இறங்கிப் போனேன். அறை வாசலில் நின்றேன்.

"நான் சொன்னது தப்புங்க."

அவர் திரும்பவில்லை.

"எது?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. தெரியாதா உங்களுக்கு என்று வாய்வரை வந்துவிட்டது. வெளியே வந்து, சமையலறை மேடையில் இந்தக் காகிதத்தை வைத்து இந்த ஆறாம் பகுதியை எழுதினேன். எழுதும்போதுதான் புரிகிறது, அவர் கேட்டது நியாயம். எந்த வார்த்தை பழுது என்று நான்தான் எடுத்துக் காட்ட வேண்டும். அதே வாக்கியத்தை, அவர் காதுபட, இரண்டாம் முறை. நான்காம் பகுதியில் உங்களிடம் சுலபமாக எழுதிவிட்டேன். நீங்கள் யாரோதானே.

மணி ஒன்பது இருபது. உள்ளே போகிறேன். அவர் என்ன சொன்னார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து அவரைச் சிரிக்க மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்த உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.