கூடத்தை ஒட்டி வந்த அறை

கால்நடை மருத்துவமனையின் நடைவழி அன்று காலையும் நீண்டுகொண்டிருந்தது. வயதான நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு அது அப்படித்தான் நீளும். யாரும் புகார் சொல்வதில்லை.

நானும் என் மனைவி ரெஜினாவும் எங்கள் நாய் பூந்தியைப் போர்வையில் கிடத்தி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து நடந்தோம். பூந்திக்குச் சிறுநீரகம் போய்விட்டது. கண்ணும் மங்கிவிட்டது. நிற்க முயன்று விழும்போதெல்லாம், விழவில்லை, படுத்திருக்கிறேன் என்பதுபோல் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பும்.

எதிரே ஒரு பெண் வந்தாள். அவள் கையில் வெறும் சங்கிலி இருந்தது.

"இன்னும் தூரமா?" என்று கேட்டேன்.

"போறப்பதான் தூரம். வர்றப்ப வாசல் உடனே வந்துரும்" என்றாள். "அதுதான் கஷ்டம்."

வெயில் ஏறிய பிறகு டாக்டர் முபீனாவின் அறை வந்தது. அவர் பூந்தியின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார்.

"முதல் ஊசியில தூங்கிரும். அடுத்ததுல இதயம் நின்னுரும். வலிக்காது" என்றார்.

"எங்களுக்கு?" என்றாள் ரெஜினா.

"அதுக்கு இன்னும் மருந்து வரலம்மா."

ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தார். நாயை வளர்த்தவர்கள் யாராவது 'சரி' என்று சொல்ல வேண்டும். நான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல் உள்ளே இல்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது இருந்தது. நாக்கால் தேடினேன். பற்கள் மட்டும் இருந்தன.

பூந்தி முனகியது.

"சரி" என்றாள் ரெஜினா.

பூந்தி அவள் விரலை நக்கியது. நக்கிக்கொண்டே தூங்கியது. அடுத்த ஊசி போட்டபோது எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. டாக்டர்தான் தலையை அசைத்தார்.

மருத்துவமனைக்குப் பின்னால் புதைத்தோம். திரும்பியதும் வாசல் வந்துவிட்டது.

வீட்டில் கூடத்தை ஒட்டி ஒரு புதிய அறை வந்திருந்தது. ஜன்னல் இல்லை. தரை பூந்தியின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. ரெஜினா உள்ளே போய் உட்கார்ந்தாள். மறுநாளும் வெளியே வரவில்லை. நான் இட்லித் தட்டை வெளியிலிருந்தே உள்ளே தள்ளி வைத்தேன். தொடவில்லை.

"நான்தான சொன்னேன்" என்றாள்.

"நல்லதுக்குத்தான சொன்ன."

"நல்லதுக்குத்தான். ஆனா நான்தான சொன்னேன்."

பக்கத்து வீட்டுத் தவமணி வந்தார். அறையை வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. அப்பா போனப்ப வந்தது. இப்ப வெங்காயம் போட்டு வச்சிருக்கோம்."

"இதை இடிக்க முடியாதா?"

"கொத்தனாரக் கூப்பிட்டேன். உள்ள போனாரு. அவரு தங்கச்சிய நெனச்சு அழுதுட்டு, கூலி வாங்காமப் போயிட்டாரு." தவமணி கதவு நிலையைத் தட்டிப் பார்த்தார். "போகப் போக உயரம் குறையும் சார். குனிஞ்சு போகணும். ஆனா பூட்டிராதீங்க. பூட்டுனா அது வேற பக்கம் வாசல் வச்சுக்கும். எங்களுக்குக் குளியலறையில வச்சுது."

அவர் போன பிறகு நான் அறைக்குள் போனேன். அதுவரை கதவோரமே நின்றுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. உள்ளே நாயின் ஈர வாசனை. ரெஜினா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நானும் அங்கதான் நின்னேன்" என்றேன்.

"தெரியும். போர்வைய நீங்க கடைசி வரைக்கும் விடல."

"எனக்கு வாயில வரல."

"ரெண்டு பேருக்கும் வந்திருந்தா பூந்தி பயந்திருக்கும்" என்றாள்.

ஆறிப்போன இட்லியைப் பிட்டு எனக்குக் கொடுத்தாள். அவளும் சாப்பிட்டாள். பிறகு தரையில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

சற்று நேரத்தில், பூந்திக்குத் தூக்கத்தில் அசைவதுபோல், அவள் பாதங்கள் அசையத் தொடங்கின. முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. மூச்சு இரைத்தது. யாரையோ துரத்திக்கொண்டு, அல்லது யாரோடோ சேர்ந்து, ஓடிக்கொண்டிருந்தாள். உதடு லேசாகச் சிரித்தது.

நான் எழுப்பவில்லை. ரொம்ப தூரம் போய்விடுவாளோ என்று மட்டும் பயமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் படுத்து, கால்களை அசைக்க ஆரம்பித்தேன்.