ஒரு தட்டு உள்ளே, இரண்டு தட்டு வெளியே

“இழுக்காதக்கா! இழுக்காத!”

தம்பி சொல்லி முடிப்பதற்குள் பழைய வயர் முழுவதும் அக்காவின் கைக்கு வந்துவிட்டது. சைக்கிள் பிரேமுக்குள்ளிருந்து உருவிய அதை அவள் பெருமையாகத் தூக்கிக் காட்டினாள்.

“எவ்வளவு ஈஸியா வந்துடுச்சு பாரு. இதுக்குப் போயா காலைலேர்ந்து உயிரை வாங்கினே?”

“நூலு கட்டினியா?”

“எந்த நூலு?”

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். ஹாலில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், முதுகுக்குத் தலையணைகளை முட்டுக்கொடுத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்திருந்தான். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு வாக்கியம் பேச இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கவேண்டிய நிலைமை. நுரையீரல் கைவிட்டுவிட்டது. காலையில் வந்த டாக்டர் அவன் மனைவியையும் அக்காவையும் வாசலுக்குக் கூப்பிட்டு, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பியிடம் அதை யாரும் சொல்லவில்லை. ஆனால் டாக்டரின் கார் கிளம்பும் சத்தம் கேட்டதுமே அவன், “அக்கா, அந்த வயரை இன்னிக்கே மாத்திடலாம்” என்றான்.

அது அவனுடைய ரேஸ் சைக்கிள். கியர் மாற்ற அதில் கம்பி இழுவை கிடையாது. ஹேண்டில்பாரில் ஒரு பொத்தானை அழுத்தினால், பிரேமுக்குள்ளே ஓடும் மெல்லிய வயர் வழியாகச் செய்தி போய், பின்சக்கரத்தருகே உள்ள குட்டி மோட்டார் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சைக்கிள் பின்னறையில் கிடந்தது. அங்கே குடியிருந்த எலிக்கு வயரின் ருசி பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவன் மகளுக்கு முதல் பந்தயம். அப்பாவின் சைக்கிளில்தான் ஓட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வெளியூரில் படிக்கிற அவள் இன்று சாயங்காலம் வருகிறாள். கடைக்காரரோ அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கையை விரித்துவிட்டார்.

“அவ வர்றதுக்குள்ள ஓடணும்க்கா” என்றான் தம்பி. தன் கண்ணால் அது ஓடுவதைப் பார்க்கவேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை. அக்காவுக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, “கிளட்சை மெதுவா விடு, மெதுவான்னா மெதுவா, ஐயோ பிரேக்!” என்று ஊரார் வீட்டுப் பிள்ளைகளை விரட்டியே வயதானவள். அவளைப் பக்கத்திலிருந்து ஒருவன் விரட்டுவது இதுதான் முதல் தடவை. அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“பாவாடைக்கு நாடா மாத்தறப்ப… என்ன பண்ணுவே?” என்றான் தம்பி. “பழசோட வால்ல… புதுசைக் கட்டித்தானே இழுப்பே?”

அக்கா கையிலிருந்த வயரைப் பார்த்தாள். பிரேமின் முன்பக்கத்து ஓட்டையைப் பார்த்தாள். புது வயர் அதற்குள் நுழைந்து, இருட்டில் இரண்டு வளைவு வளைந்து, பின்சக்கரத்துக்குப் பக்கத்திலுள்ள இன்னொரு ஓட்டையில் தலைகாட்ட வேண்டும். பழைய வயரின் வாலில் ஒரு நூலைக் கட்டி இழுத்திருந்தால் அந்த நூல் இந்நேரம் வழிகாட்டியாக உள்ளே கிடந்திருக்கும்.

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொன்னேன். நீ… கட்டரைத் தேடிட்டிருந்தே.”

புது வயரைத் திணித்துப் பார்த்தாள். முட்டிக்கொண்டு நின்றது. சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாள். உள்ளேயிருந்து ஒரு செத்த பூச்சி விழுந்தது. தம்பியின் மனைவி சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த சைக்கிளைச் சக்களத்தி என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. இன்று காலையிலிருந்து அதன் பக்கமே திரும்பாதவள், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“வேக்குவம் க்ளீனரை வெச்சு உறிஞ்சினா நூல் வராதா?”

தம்பி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தான்.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல…” என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கி, “முதல் தடவையா சைக்கிளைப் பத்தி ஒரு வார்த்தை பேசறா. அதுவும்… சரியான வார்த்தை!” என்றான்.

அதன்பின் வீடு வீடாக இல்லை. வேக்குவம் க்ளீனர் பரணிலிருந்து இறங்கியது. தையல் பெட்டியிலிருந்து நூல்கண்டு வந்தது. பகல் வேளைக்கு வருகிற நர்ஸ், “பேஷன்ட் இருக்கிற இடத்துல என்னம்மா இது?” என்று ஆரம்பித்தாள், அடுத்த நிமிடம் நூல் நுனியில் கட்டப் பஞ்சு கிள்ளிக் கொடுத்தாள். பஞ்சு கட்டிய நூலை அக்கா முன் ஓட்டையில் விட்டாள். பின் ஓட்டையில் குழாயை வைத்து மனைவி ஸ்விட்சைத் தட்டினாள். சத்தம் வந்ததே தவிர நூல் வரவில்லை.

“மத்த ஓட்டையெல்லாம் அடைங்க” என்றான் தம்பி. “காத்து… அந்தப் பக்கமா ஓடுது.”

நர்ஸ் பிளாஸ்டரைக் கிழித்து, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற சிரத்தையோடு ஒவ்வொரு ஓட்டையாக ஒட்டினாள். மறுபடி ஸ்விட்ச். இந்தத் தடவை நூல் வெடுக்கென்று உள்ளே ஓடியது. நூல்கண்டு தரையில் துள்ளித் துள்ளிச் சுழன்றது.

“வருது! வருது!”

“வந்துடுச்சு, நிறுத்து!”

“எங்கே நிறுத்தறது, எல்லாத்தையும் முழுங்குது!”

அக்காவின் வலது கால் பாய்ந்து நூல்கண்டை மிதித்தது. பிரேக் போட்டுப் பழகிய கால். பின் ஓட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நூலை மனைவி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பரிசுச்சீட்டு விழுந்தவள் மாதிரி நின்றாள். தம்பி சத்தமில்லாமல் சிரித்தான். தோள் மட்டும் குலுங்கியது.

நூலையும் புது வயரையும் சேர்த்து நர்ஸ் முடிச்சுப் போட்டாள். அக்கா பின்னாலிருந்து இழுக்க, மனைவி முன்னாலிருந்து ஊட்டினாள். பாதி வழியில் சிக்கியது. “பலமா இழுக்காதக்கா… கொஞ்சம் பின்னாடி விடு… இப்ப” என்றான் தம்பி. அக்கா முதல் தடவையாகச் சொன்னபடி கேட்டாள். வயர் தலைகாட்டியது. அதை மோட்டாரில் சொருகியபோது ‘டிக்’ என்று உட்கார்ந்தது. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, மனைவி பெடலைச் சுற்ற, அக்கா பொத்தானை அழுத்தினாள்.

ஸ்ஸிக்.

செயின் ஒரு பல்சக்கரம் தாவியது.

மூன்று பெண்களும் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. தம்பிக்கு இருமல் வந்தது. நின்றபாடில்லை. நர்ஸ் ஓடிப்போய் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தாள், மெஷினில் ஆக்சிஜனைக் கூட்டினாள். இருமல் அடங்கியபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. நர்ஸ் அக்காவின் காதருகே வந்தாள்.

“போதும்மா. அவரைப் படுக்க வெச்சிடலாம்.”

“செயின்… உரசுது” என்றான் தம்பி.

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் பட்டம் விடும்போது இருந்த அதே முகம். “பத்து நிமிஷம் குடுங்க சிஸ்டர்” என்றாள்.

உரசல் நிற்க, மோட்டாரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தவேண்டும். ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள பெட்டியில் ஒரு பொத்தானைச் சிவப்பு விளக்கு வரும்வரை அழுத்திப் பிடித்தால், அதன்பின் கியர் பொத்தான்களின் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மோட்டார் கண்ணுக்குத் தெரியாத தூரம் உள்ளேயோ வெளியேயோ போகும். எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்லும். ஆக்சிஜன் மெஷின் போடுகிற கூச்சலில் தம்பிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“சிஸ்டர், இதை ஒரு நிமிஷம்…”

“அந்தப் பேச்சே வேண்டாம் சார்.”

அவன் யோசித்தான். பிறகு கையை நீட்டினான். அக்காவுக்குப் புரிந்தது. சைக்கிளைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, சீட்டுக்குக் கீழே இறங்கும் தண்டின்மேல் அவன் உள்ளங்கையைத் தூக்கி வைத்தாள். கை கனக்கவே இல்லை.

“கைக்கு… தெரியும்” என்றான். “ஒரு தட்டு தட்டினா உள்ள. ரெண்டு தட்டு… வெளிய.”

“சரியாயிட்டா?”

“தட்ட மாட்டேன்.”

மனைவி பெடலைச் சுற்றினாள். அவன் விரல் தண்டில் ஒரு தட்டு தட்டியது. அக்கா அழுத்தினாள். இன்னொரு தட்டு. அழுத்தினாள். செயின் கரகரத்தது. “வேணும்னேதான். முதல்ல உரச விட்டு, அப்புறம் வெளிய எடுப்பார்” என்றாள் மனைவி. இவளுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா வாயைப் பிளந்தாள். இரண்டு தட்டு. அழுத்தல். இரண்டு தட்டு. கரகரப்பு தேய்ந்தது. டெஸ்டில் மாணவன் ரிவர்ஸ் எடுக்கும்போதுகூட அக்காவுக்கு இப்படிப் படபடத்ததில்லை. விரல் கொஞ்ச நேரம் நிதானித்தது. பிறகு மெதுவாக ஒன்று, இரண்டு. அக்கா அழுத்தினாள். பெடல் சுற்றியது.

தட்டவில்லை.

இன்னும் சுற்றியது. கை தண்டின்மேல் அப்படியே இருந்தது.

“தட்டலை” என்றாள் அக்கா. “தட்டலைடி! சரியாயிடுச்சு!”

மனைவி பெடலை விட்டுவிட்டு எழுந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “அண்ணி, நாம பண்ணிட்டோம் அண்ணி!” இரண்டு பேரும் பேசாமலிருந்த மாதங்களும் உண்டு. இப்போது ஒருவர் தோளை ஒருவர் உலுக்கிச் சிரித்தார்கள். அக்கா திரும்பி, “டேய், எப்படி? என்னைப் பாத்துக் கத்தினியே, இப்ப எப்படி?” என்று கேட்டபோது, நர்ஸ் அவன் இன்னொரு கையின் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து இவர்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து மெஷினை நிறுத்தினாள்.

மனைவி, “என்னங்க” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “என்னங்க” என்றாள்.

அப்புறம் செய்யவேண்டியதெல்லாம் நடந்தது. டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். அக்கம்பக்கத்தினர் வந்தார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். சைக்கிளை ஸ்டாண்டோடு ஓரமாகத் தள்ளிவைத்தார்கள். அக்கா போனில் எல்லாருக்கும் சொன்னாள். பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மகளுக்கும் அவளே சொன்னாள். குரல் உடையாமல் சொன்னாள். ஆனால் ஒரே கேள்வி அவளைப் பிடுங்கித் தின்றது. கடைசியாக இரண்டு தட்டு. அவள் அழுத்தினாள். அதன்பின் கை அசையவில்லை. அது சரி என்று அசையாத கையா? இன்னும் ஒரு தட்டுக்கு நேரம் இல்லாமல் போன கையா? ஓடியதை அறிந்துகொண்டு போனானா? யாரைக் கேட்பது? பெடலைச் சுற்றிப் பார்த்தாலும் அவளுக்குப் பிடிபடாது. அவள் காது கார் என்ஜினுக்குப் பழகிய காது. சுவரில் சாய்ந்து நின்றாள். இப்படி ஓர் இயலாமையை அவள் அறிந்ததில்லை.

வெளிச்சம் மஞ்சளாகும் நேரத்தில் மகள் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். நெடுநேரம் கழித்து எழுந்தபோது ஓரத்தில் நின்ற சைக்கிள் அவள் கண்ணில் பட்டது. புது வயரைப் பார்த்துவிட்டாள். பிளாஸ்டர் ஒட்டிய ஓட்டைகளைத் தடவிப் பார்த்தாள். அக்கா அவள் பக்கத்தில் போய் நின்றாள். விரல் தட்டியதையோ கை அசையாமல் போனதையோ சொல்லவில்லை.

மகள் பெடலைச் சுற்றினாள். பொத்தானை அழுத்தினாள். தலையைச் சாய்த்து, அப்பா மாதிரியே ஒரு கண்ணைச் சுருக்கிக் கேட்டாள். ஒவ்வொரு கியராக ஏறினாள், ஒவ்வொன்றாக இறங்கினாள். பெட்டியிலிருந்த அந்தப் பொத்தானுக்கு அவள் விரல் போனது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். விரல் அதைத் தொட்டுவிட்டு, அழுத்தாமல் திரும்பியது.

“யாரு அத்தை டியூன் பண்ணது?”

“ஏன் பாப்பா?”

“கடையிலகூட இப்படி வராது. துளி உரசல் இல்ல.”

வருவது அழுகையா, மத்தியானம் பாதியில் நின்ற அந்தச் சிரிப்பா என்று அக்காவுக்கே தெரியவில்லை. சீட்டுக்குக் கீழே இறங்கும் தண்டில் கையை வைத்தாள்.

“இன்னொரு தடவை சுத்து” என்றாள்.

மகள் சுற்றினாள். அக்கா கையை எடுக்கவில்லை.