தேய்ந்த அச்சு

அந்தக் காசு சில்லறையோடு சில்லறையாகக் கைக்கு வந்ததிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அதிலிருந்த வருட எண்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை விழுந்தது போலத் தெரிந்தன.

"இரட்டை அச்சு! இது ஒண்ணு இருந்தா வீடே வாங்கலாமாம். மொபைல்ல ஒருத்தன் சொல்றான்."

"சொல்றவன் வாங்கிட்டானா?" என்றாள் மனைவி.

சிரித்தான். ஆனாலும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தவில்லை. அவன் பதற்றம் அவளையும் பிடித்துக்கொண்டது. மறுநாள் காசைக் கைக்குட்டையில் முடிந்து வேலைக்கு எடுத்துப் போனாள்.

அவளுக்குச் செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை. பழசாகிப்போன வார்ப்பச்சில் வரும் பல்லுக்கு விளிம்பு மழுங்கியிருக்கும் என்பது அவளுக்குப் பழக்கப்பட்ட விஷயம். லென்ஸுக்கு அடியில் அந்த எண்களின் விளிம்பும் அப்படியே மழுங்கித் தெரிந்தது. மதிய இடைவேளையில் அடுத்த தெருவிலிருந்த பழைய நாணயக் கடைக்கு ஓடினாள்.

கடைக்கார அம்மாள் தன் பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்தாள்.

"இது அசல். எழுத்து மூலையப் பாரும்மா, மீன்வால் மாதிரி ரெண்டாப் பிரிஞ்சிருக்கா? ரெண்டு கோடும் எழும்பித் தெளிவா நிக்குதா? காசு அடிக்கிற அச்சச் செய்யும்போதே உருவம் கொஞ்சம் தள்ளி ரெண்டாவது தடவை பதிஞ்சிடுச்சு. பிறவியில வந்தது. இப்ப உன்னோடதப் பாரு."

பிளவே இல்லை. எண்கள் வீங்கி, ஓரம் கரைந்து, நிழல் தட்டியது போல இருந்தன. சுற்றியிருந்த பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரத்தது.

"இது அடிச்சு அடிச்சு அச்சு தேஞ்சது. வயசானா உடம்பு ஊதுமே, அந்த மாதிரி. மளிகைக் கடையில கொடுத்து ஏதாவது வாங்கிக்கலாம், அவ்வளவுதான்."

"வேற யாராவது பாத்தா, அக்கா..."

"எவன் பாத்தாலும் இதான். நாணயத்தப் பத்திக் கேக்கறே, நாணயமா சொல்றேன்."

அப்போது போன் அடித்தது. கணவன்தான்.

"வேலைய விட்டுட்டேன்!" குரல் துள்ளியது. "சரியில்லாத லிஃப்ட் கயித்துக்குச் சரியா இருக்குன்னு இனிமே கையெழுத்துப் போட மாட்டேன், உன் வேலைய நீயே வெச்சுக்கோன்னு சூப்பர்வைசர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன்!"

"எங்க லேபுக்கு அடுத்த தெரு, பழைய நாணயக் கடை. உடனே வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வந்தான். கேட்டான். நம்பாமல் லென்ஸைப் பிடுங்கி இரண்டு காசுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"எத நம்பி வாயத் தொறந்தேன் பாரு!"

சற்று நேரத்தில் சூப்பர்வைசரே கூப்பிட்டார். "ஏதோ கோவத்துல பேசிட்டே, போகட்டும். நாளைக்கு வந்து அந்தக் கையெழுத்த மட்டும் போட்டுடு."

'யோசிச்சுச் சொல்றேன்' என்று போனை வைத்தவன், அந்தக் குறுகலான கடைக்குள் கூண்டுப் புலி மாதிரி நடந்தான். 'போங்க, போட்டுடுங்க' என்ற வார்த்தை மனைவியின் தொண்டை வரை வந்தது. வீட்டுச் செலவு கண்முன் நின்றது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"அந்தக் கயிறு நெஜமாவே மோசமா?"

"கம்பி கம்பியா பிரியுது. ஸ்கூல் விட்டு வர்ற பசங்க அதுலதான் ஏறுதுங்க."

"அப்ப காசு எப்படி இருந்தா என்ன?"

அவன் நின்றான். போனை எடுத்தான். "சார், கயித்த மாத்துங்க, வரேன். இல்லேன்னா அந்தக் கட்டடத்துக்காரங்ககிட்ட நானே போய் சொல்லிடுவேன்."

மறுமுனை துண்டிக்கப்பட்டது.

அன்று மாலையே அவன் அந்தக் கட்டடத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லி லிஃப்டை நிறுத்த வைத்தான். மாடி ஏற முடியாத மூட்டுவலிக்காரர்கள் சிலர் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அந்த வாரக் கடைசியில் புதுக் கயிறு வந்தது. அதோடு புது மெக்கானிக்கும் வந்தான்.

இப்போது அவனுக்கு மோட்டார் பம்பு பழுது பார்க்கும் பட்டறையில் வேலை, சம்பளம் முன்பைவிடக் குறைவு. காசைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போது மட்டும் அவன் உள்ளே எட்டிப் பார்ப்பான். லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் நகர்வான்.