பால் கவருக்குள் ஒரு கை

பிலோமியக்கா மஞ்சூர் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். தொழிலாளர் லைன் வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. பனியில் நனைந்த செடிக்குள் கைவிட்டுப் பறிப்பவர்கள், பழைய சாக்ஸின் நுனியை வெட்டி முன்கையில் மாட்டிக்கொள்வது வழக்கம். அப்படியும் அக்காவின் கைகள் அரித்துச் சிவந்து நீர் கசிந்தன. குன்னூரில் தோல் டாக்டர் ஒரு கிரீம் கொடுத்தார். இரவில் மட்டும், மெல்லிசாக. இரண்டு வாரம் கழித்து வந்து காட்ட வேண்டும். ஒரு வாரத்திலேயே அரிப்பு அடங்கியதால் அக்கா திரும்பப் போகவில்லை.

மழை தொடங்கியதும் அரிப்பு மறுபடி வந்தது. கடைவீதி மெடிக்கலில் அதே கிரீமை வாங்கி, காலையிலும் தடவத் தொடங்கினார். அதில் அவருக்கு ஒரு கவலை இருந்தது.

"மருந்து பூரா சாக்ஸு குடிச்சிருது அனு. கைக்கு என்ன மிஞ்சுது?"

காலிப் பால் கவரைக் கழுவி, இரண்டு பக்கமும் வெட்டி, கிரீம் தடவிய கையில் மாட்டி, அதற்கு மேல் சாக்ஸைப் போட்டுக்கொண்டார். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் தோன்றியது. தேயிலைக் காட்டில் மற்ற பெண்கள் கேலி செய்யாமல் விடவில்லை.

"ஏனுங்க பிலோமி, இன்னைக்கு என்ன பாலு? ஃபுல் கிரீமா?"

"உனக்கு வேணும்னா சொல்லு, தயிர் கவர் தாரேன்."

மழைக்காலம் முடியும்வரை இது நடந்தது. அரிப்பு இல்லை. ஆனால் தோல் வெங்காயச் சருகு போல மின்னியது. உள்ளே சிவப்பு நரம்புகள் வலையாகத் தெரிந்தன. தேயிலைக் குச்சி உரசினாலே கிழிந்து ரத்தம் வந்தது. மேஸ்திரி வசந்தகுமார் ஒருநாள் கூடையில் ரத்தக்கறையைப் பார்த்தார்.

"கை ஆறட்டும், அப்புறம் வாங்க. புண்ணோட காட்டுக்குள்ள விட மாட்டேன்."

அக்காவுக்கு வீட்டில் உட்காரத் தெரியாது. பக்கத்துச் செடி நிரையில் பறிப்பவர்களின் பேச்சில்லாமல் அவரால் ஒரு பொழுதைக் கழிக்க முடியாது. முதல் நாள் மத்தியானத்துக்குள் லைன் முழுக்க யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிட்டார். "சீசன் முடியறதுக்குள்ள காட்டுக்குப் போயிரணும்," என்றார். மறுநாள் நான் அவருடன் குன்னூர் போனேன்.

டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்படித் தடவினீர்கள் என்று கேட்டார். அக்கா பையிலிருந்து பால் கவரை எடுத்து மாட்டியே காட்டினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிளாஸ்டிக் போட்டு மூடினா மருந்து பல மடங்கு உள்ள போகும்மா. இத்தனை நாள் மூடி வெச்சதுலதான் தோல் இப்படி மெலிஞ்சிருக்கு."

"அப்ப மருந்தே கெட்டதுங்களா? தூக்கிப் போட்டர்றேன்."

"மருந்து கெட்டதில்ல. சொன்ன அளவுல, சொன்ன நாளுக்குப் போட்டா நல்லதுதான். மூஞ்சில போடலையே?"

"இல்லீங்க."

"பழைய டியூபை இனித் தொடக் கூடாது. இது வீரியம் குறைஞ்சது. புண்ணுல வேண்டாம், சிவப்புல மட்டும். விரல் நுனியில இருந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்கினா, விரலோட சேர்த்து ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். முதல் ரெண்டு வாரம் ராத்திரி ஒரு தடவை, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஈரப்பத கிரீம் மட்டும் எப்பவும். நடுவுல சிவப்பு கூடலாம், பயப்படாதீங்க. தாங்க முடியலைன்னா என்கிட்ட வாங்க, மெடிக்கலுக்குப் போகாதீங்க."

யாருடைய விரல் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டேன். பெரியவர்கள் விரல் என்றார்.

புண்கள் மெல்ல ஆறின. டாக்டர் சொன்னபடியே மணிக்கட்டில் சிவப்பும் அரிப்பும் கூடின. மேஸ்திரி கையைப் பார்க்க வரச் சொன்ன நாளுக்கு முந்தின சாயங்காலம், கல்லூரி வகுப்பு முடிந்து வந்தேன். அக்கா எங்கள் வாசலில் நின்றார். ஒரு கையில் பழைய டியூப், இன்னொன்றில் புதிதாக வெட்டிய கவர்.

"ஒரே ஒரு ராத்திரி, கண்ணு. காலைல சிவப்பு போயிரும். மேஸ்திரி உள்ள விட்டுருவாரு. ஒரு நாள்ல என்ன ஆயிரும்?"

ஒரு நாளில் என்ன ஆகும் என்று எனக்கு உண்மையில் தெரியாது.

"தெரியலைங்கக்கா. தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது மட்டுந்தான் தெரியும்."

"கிளாசுக்குப் போயும் தெரியலைங்கற."

கோபமாகத் திரும்பிப் போனார். தடுக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன், போகவில்லை.

காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்கு அவருடன் போனேன். அக்கா சட்டைக் கையைச் சுருட்டினார். மணிக்கட்டு நன்றாகவே சிவந்திருந்தது. அப்போதுதான் அவர் கவர் போடவில்லை என்று தெரிந்தது.

"இது மத்தவங்களுக்கு ஒட்டுங்களா?" என்றார் மேஸ்திரி.

"ஒட்டாதுங்க. புண்ணு ஆறிருச்சு, சிவப்பு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்னாங்க. நான் மறைச்சுட்டு வந்திருக்கலாம், வேண்டாம்னு விட்டுட்டேன்."

அவர் குனிந்து கையைப் பார்த்தார்.

"ஈர எலையில வேண்டாம். பனி காஞ்ச பொறகு வாங்க. அரை நாள்தான்."

அரை நாள் என்றதும் அக்காவின் முகம் சுண்டியது. ஆனாலும் வெயில் ஏறியதும், துவைத்த பருத்தித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினார். நிரையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

"எந்திரிங்க, எந்திரிங்க! மேனேஜரம்மா இப்பத்தான் வர்றாங்க!"

"வந்துட்டேன்ல," என்றார் அக்கா. "என் கூடைய எடுத்துட்டு வாங்கடி."