விருந்துக்கு வந்த பிள்ளை

தட்டில் குவித்து வைத்த பிரியாணி, உச்சியில் ஓர் அவித்த முட்டை, தட்டைச் சுற்றிக் கண்கள், அந்த வீட்டு அம்மா, ஐயா, அவர்களுடைய பிள்ளைகள், பார்க்கவென்றே பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்கள், எல்லாரும் நிற்கிறார்கள், அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருக்கிறாள், வெக்கப்படாம சாப்பிடு கண்ணு என்கிறது ஒரு குரல், முட்டையை முதலில் எடுத்தால் பறக்காவெட்டி என்பார்களோ, கடைசிக்கு ஒதுக்கினால் பிடிக்கவில்லை என்று நினைப்பார்களோ, எட்டு வயது ஜெசிந்தாவுக்குக் கை சோற்றில் கிடக்கிறதே தவிர வாய்க்கு வரவில்லை, பாவம், எப்படி முழிக்குது பாரு என்று யாரோ மெதுவாகச் சொல்வது நன்றாகவே கேட்கிறது. கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லத்தில் வளர்ந்தவள் அவள், கிறிஸ்துமஸ் அன்று பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் ஆளுக்கொரு பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போய் விருந்து வைத்து, சாயங்காலம் கொண்டுவந்து விடுவது அங்கே வழக்கம், அந்த வீட்டார் நல்லவர்கள்தான், குறையொன்றும் வைக்கவில்லை, புதுச் செருப்புகூட வாங்கிக் கொடுத்தார்கள், ஆனால் ஐம்பது வயதைத் தாண்டி, தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராகவும் ஆகிவிட்ட பிறகும், எதிரே யாராவது நின்றால் ஜெசிந்தாவுக்குச் சோறு இறங்குவதில்லை.

கொடுக்கிற இடத்திலும் அவளுக்கு அதே பயம்தான், ஓட்டலில் டிப்ஸை டபராவுக்கு அடியில் செருகிவிட்டு, சப்ளையர் திரும்புவதற்குள் வாசலுக்குப் போய்விடுவாள், ஒருமுறை ஒருத்தர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மேடம், மேடம், காசை மறந்துட்டுப் போறீங்க என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் துரத்தி வந்துவிட்டார், இல்லைங்க, உங்களுக்குத்தான் என்று சொல்வதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, திருடி அகப்பட்டவள் மாதிரி நின்றாள். தீபாவளி இனாம் கேட்டு வருபவர்களுக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் கையில் கொடுத்து வைத்துவிடுவாள், இல்லாதவர்களுக்கென்று தன் சேலைகளைத் துவைத்து இஸ்திரி போட்டுப் பெயர் சொல்லாமல் கோயிலில் வைத்துவிட்டு வருவாள். அவள் கணவர் லூர்துராஜ் இதற்கு நேர் எதிர், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன், சப்ளையரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்து, கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடுவார், குடுக்கிறது பெரிசில்ல ஜெசி, அந்த மூஞ்சி அப்படியே மலரும் பாரு, அதைப் பாக்கணும், அதுக்குத்தான் குடுக்கிறது என்பார். நாதியில்லாத பெண் என்று தெரிந்தே கல்யாணம் செய்துகொண்டவர், இத்தனை வருஷத்தில் அதை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை, அவரிடம்கூட அந்தப் பிரியாணித் தட்டைப் பற்றி அவள் சொன்னதில்லை, எப்படிச் சொல்வது, சோறு போட்டவர்களைக் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடாதா.

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, வீடு வெறிச்சென்று இருக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்த ஊர் இல்லத்தில் போய், விருந்துக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப்போகிறோம் என்று பெயர் கொடுத்துவிட்டார் லூர்துராஜ், காலைப் பூசை முடிந்து அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள், வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறது, ஜெசி, யாரு வந்திருக்கா பாரு என்கிறார், பின்னாலிருந்து இறங்குகிறது ஒரு பெண்பிள்ளை, ஒன்பது வயதிருக்கும், விறைப்பான புது ஃபிராக், கழுத்து வரைக்கும் பவுடர், ஹேப்பி கிறிஸ்துமஸ் ஆன்ட்டி, இயேசு உங்க குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக, என் பேரு பிரின்சி என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சிரிக்கிறது, அந்தச் சிரிப்பை ஜெசிந்தாவுக்குத் தெரியும், அவளும் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தவள்தான்.

நான் இவளைப் பார்க்க மாட்டேன், இவள் சாப்பிடும்போது ஒருத்தரையும் பார்க்க விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சோற்றைத் தட்டில் போட்டு அடுப்படியிலேயே மணையை இழுத்துப் போட்டாள், நீ உன் பாட்டுக்குச் சாப்பிடும்மா, எனக்குப் பாத்திரம் கிடக்கு என்று முதுகைக் காட்டி நின்று குழாயைத் திறந்துவிட்டாள், இரண்டு பாத்திரத்தைக் கழுவிவிட்டுத் திரும்பினால் பிள்ளை தட்டோடு நின்றுகொண்டிருக்கிறது, ஆன்ட்டி, எங்க உக்காந்து சாப்பிடணும், அங்கிளுக்குத் தெரியிற மாதிரியா, போட்டோ எடுத்ததுக்கு அப்புறமா என்று கேட்கிறது. போட்டோ எல்லாம் வேணாம் கண்ணு, நீ சாப்பிடு. பரவால்ல ஆன்ட்டி, எடுத்துக்குங்க, எங்களுக்குப் பழக்கம்தான். அப்படிச் சொல்லிவிட்டு அதே சிரிப்பைச் சிரித்தது, கூடத்திலிருந்து லூர்துராஜ் செல்போனோடு வந்துவிட்டார், பிள்ளை முதல் கவளத்தை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அவர் எடுத்து முடிக்கும் வரைக்கும் அசையாமல் இருந்தது.

உனக்கு என்ன வேணும், எதுன்னாலும் கேளு என்றாள் ஜெசிந்தா, நீங்க எது குடுத்தாலும் ஓகே ஆன்ட்டி என்றது, இல்ல, உனக்கு என்ன வேணும் என்று மறுபடி கேட்டாள், சரியான பதில் எது என்று பிள்ளை அவள் முகத்தில் தேடியது, லூர்துராஜ் கூடத்துக்குப் போன பிறகு கிட்டே வந்து, ஆன்ட்டி, கொஞ்ச நேரம் தூங்கிக்கட்டுமா, டிசம்பர் பொறந்ததுல இருந்து டெய்லி யாராச்சும் வந்துட்டே இருக்காங்க, கேக் வெட்டுறவங்க, சாப்பாடு போடுறவங்க, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் கட்டிட்டு வர்ற கம்பெனிக்காரங்க, எல்லாருக்கும் பாடணும், தூக்கமா வருது என்றது. மகனுடைய கட்டிலில் படுக்க வைத்து ஃபேனைப் போட்டாள், போர்வை இழுப்பதற்குள் தூங்கிப்போனது, வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையைக் கட்டிலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, ஜெசிந்தா கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் மாதிரி ஒரு நாற்காலியைப் போட்டாள், வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்கோ சரியானதைக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அதுவும் நிலைக்கவில்லை, நாத்தனார் ரெஜினா வந்துவிட்டாள், கையில் கண்ணாடித் தாள் சுற்றிய பெட்டி, உள்ளே கண் சிமிட்டுகிற பொம்மை, எங்க அண்ணி அந்தப் புள்ள. தூங்குது ரெஜினா, வச்சிட்டுப் போ, எழுந்ததும் குடுத்துடறேன். நல்லா இருக்கே கதை, நான் வேல மெனக்கெட்டு வந்ததே அது கையில குடுக்கத்தானே, நீங்க குடுத்தா நான் குடுத்ததாகுமா. லூர்துராஜுக்குத் தங்கை முன்னால் சங்கடம், அஞ்சு நிமிஷம் எழுப்பு ஜெசி, வாங்கிட்டு மறுபடி படுத்துக்கட்டும் என்றார். எழுப்ப முடியாது, யாருக்காகவும் எழுப்ப முடியாது என்று கத்தியது தன்னுடைய குரல்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது, ஏன் என்று கேட்டார் அவர், நிஜமாகவே புரியாமல் கேட்டார், அவள் நாற்காலியைக் கதவோடு இன்னும் நெருக்கிப் போட்டாள், ரெஜினாவுக்கு முகம் கறுத்துவிட்டது, வாங்க ஆள் இல்லாத இடத்துல எதுக்கு என்று பெட்டியை எடுத்துக்கொண்டே போய்விட்டாள். தெருமுனை வரைக்கும் அந்தக் கண்ணாடித் தாள் வெயிலில் மின்னுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் ஜெசிந்தா, பிள்ளை அந்தப் பொம்மையைப் பார்த்திருந்தால் ஆசைப்பட்டிருக்குமோ, தூக்கம் வேண்டும் என்று கேட்டதுதான், பொம்மை வேண்டாம் என்று அது சொல்லவில்லையே, தன் வயிற்றெரிச்சலுக்கு ஒரு பிள்ளையின் பொம்மையைப் பறித்துவிட்டேனோ, எப்படிக் கொடுத்தாலும் தப்பாகிறதே, கொடுக்காமல் விட்டாலும் தப்பாகிறதே.

இருட்டுவதற்கு முன்னால் கொண்டுவிட வேண்டும், எழுப்புகிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது, தோளைத் தொட்டாள், போடீ, நான் வரல என்று தூக்கத்திலேயே அவள் கையைத் தட்டிவிட்டுப் புரண்டு படுத்தது பிள்ளை, ஜெசிந்தாவுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன, அன்றைக்கு அது பேசியதிலேயே நிஜமான பேச்சு அதுதான், அதற்குள் கண் விழித்துவிட்டது, யார் வீடு, எந்தக் கட்டில் என்று ஒரு கணம் மிரண்டது, சாரி ஆன்ட்டி, சாரி என்று எழுந்து உட்கார்ந்து, கலைந்த முடியை ஒதுக்கி, சிரிப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டது.

இல்லத்து வாசலில் மூத்த சிஸ்டர் நின்றிருந்தார், இத்தனை பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் ஊராரின் மனசை நம்பித்தானே என்கிற கவலை எப்போதும் முகத்தில் இருக்கும் வயதானவர், பிள்ளை நல்லபடியா இருந்தாளா என்று கேட்டார், ரொம்ப நல்ல புள்ள சிஸ்டர், சாப்பிட்டுப் படுத்தவதான், இப்பத்தான் எழுப்பினோம் என்று லூர்துராஜ் வெள்ளந்தியாகச் சிரித்தார். சிஸ்டர் பிள்ளையின் பக்கம் திரும்பினார், விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுல போய் தூங்குவாங்களா பிரின்சி, அவங்க மனசு என்ன பாடு படும், அடுத்த தடவை நம்ம பிள்ளைங்களக் கூப்பிடுவாங்களா. இல்ல சிஸ்டர், தூங்கல, கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன் என்றது பிள்ளை. சொல்லிவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தது, சிரிக்கவில்லை, நாள் முழுக்க அது எதையும் இப்படிக் கண்ணாலே கெஞ்சிக் கேட்டதில்லை. ஆமா சிஸ்டர், எங்க பையனுக்காக ஜெபம் பண்ணச் சொன்னேன், பாவம், அவ்வளவு நேரம் பண்ணிச்சு என்றாள் ஜெசிந்தா, லூர்துராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார், பொய்யே பேசாதவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மனுஷர்.

சிஸ்டர் முகம் தெளிந்தது, போ போ, மதுரையிலேர்ந்து நன்கொடை குடுக்கிறவங்க பஸ்ல வந்திருக்காங்க, பிள்ளைங்க எல்லாரும் பாட லைன்ல நிக்கிறாங்க என்று பிள்ளையின் முதுகில் தட்டினார், அது ஃபிராக்கை நீவிவிட்டுக்கொண்டே ஓடியது, திரும்பிப் பார்க்கவில்லை, நீங்களும் வாங்களேன், ஒரு பாட்டுக் கேட்டுட்டுப் போங்க என்றார் சிஸ்டர், லூர்துராஜுக்கு அதைவிட வேறென்ன வேண்டும், அவளுடைய கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார், முற்றத்தில் பிள்ளைகள் உயரத்துக்குத் தக்கபடி வரிசையாக நிற்கிறார்கள், எதிரே, பஸ்ஸில் வந்தவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், பாட்டு ஆரம்பித்துவிட்டது, இரண்டாவது வரிசையில் பிரின்சி வாயை அகலத் திறந்து பாடுகிறாள், எத்தனை காது கொடுத்துக் கேட்டாலும் அவள் குரலை மட்டும் பிரித்தெடுக்க முடியவில்லை, என்ன அழகா பாடுதுங்க பாரு என்று லூர்துராஜ் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பாட்டு முடிகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள், தட்டாமல் நின்றால் அந்தப் பிள்ளைகளுக்கு என்னமோ ஏதோ என்று ஆகிவிடும், ஜெசிந்தாவும் தட்டுகிறாள், நிறுத்தத் தெரியாமல் தட்டிக்கொண்டே நிற்கிறாள்.